தண்டவாளம் இல்லாத நிலையமும் ஆளில்லாத நிலையமும்

பினாங்குத் தீவில் ரயில் நிலையம் எங்கே இருக்கிறது என்று வெளியூர் விருந்தாளி ஒருவர் கேட்டால், ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த்துக்குப் போங்கள் என்றுதான் நாமெல்லாரும் சொல்வோம். அதில் தவறில்லை. ஆனால் வெல்ட் கீயும் சைனா ஸ்திரீட் காட்டும் சந்திக்கும் மூலையில், மணிக்கூண்டும் அதன் மேல் குவிமாடமும் கொண்ட கட்டடம் ஒன்றைத் தினமும் கடந்து போகிறோம். இன்று அது விஸ்மா கஸ்தாம். சுங்கத்துறையின் அலுவலகம். கடைக்குச் சரக்கு இறக்குமதி செய்கிறவர்களுக்கு அந்த வாசற்படி நன்றாகவே பழக்கம். அதுதான் ஒரு காலத்தில் பினாங்கின் ரயில் நிலையம் என்று சொன்னால், நம் பிள்ளைகள் பலரும் நம்ப மாட்டார்கள்.

அவர்கள் நம்பாததற்குக் காரணம் உண்டு. அந்த நிலையத்துக்கு ஒரு ரயிலும் வந்ததில்லை. அங்கிருந்து ஒரு ரயிலும் புறப்பட்டதில்லை. கட்டடத்தைச் சுற்றி எங்கே தோண்டினாலும் ரயில் தண்டவாளம் கிடைக்காது. ஆனாலும் டிக்கெட் விற்றார்கள், பயணிகள் காத்திருந்தார்கள், மூட்டை முடிச்சு ஏறியது, இறங்கியது.

சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டபோது, இந்தக் கட்டடத்தையும், கடலுக்கு அக்கரையில் நாம் இன்று ஏறி இறங்குகிற சின்னச் சின்னக் கம்யூட்டர் நிலையங்களையும் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தோம். நாங்கள் வியாபாரிகள், சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அல்லர். எங்களில் சிலர் பாலிடெக்னிக் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் கடைக்கு வந்தவர்கள். ஆகவே இயந்திரம் எப்படி ஓடுகிறது, சரக்கு எப்படிப் போகிறது என்ற பக்கத்திலிருந்தே இந்த வரலாற்றைப் பார்த்திருக்கிறோம்.

தீவில் ஏன் நிலையம் கட்டினார்கள்?

மலாயாவின் முதல் ரயில் பாதை பினாங்கில் போடப்பட்டதல்ல. பேராக்கில், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை, 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி அது திறக்கப்பட்டது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான் நீளம். தைப்பிங் சுரங்கங்களின் ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோவதே அதன் வேலை. போர்ட் வெல்டுக்குப் பெயர் கொடுத்தவரும் நம் வெல்ட் கீக்குப் பெயர் கொடுத்தவரும் ஒருவரே: 1880 முதல் 1887 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த சர் ஃபிரெடரிக் வெல்டு.

பிறகு பாதைகள் நீண்டன. 1901-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வே உருவானது. 1903-இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை ரயிலிலேயே போக முடிந்தது. 1909-இல் பாதை ஜொகூர் பாருவைத் தொட்டது. வடக்கே 1915-இல் அலோர் ஸ்டாரையும் 1918-இல் பாடாங் பெசாரையும் அடைந்து, சயாம் ரயிலோடு கை கோத்தது. இத்தனை பாதைக்கும் வடமேற்கு வாசல் பிறை. ஊரின் மலாய்ப் பெயரைத் தமிழில் எழுதும்போது நாம் 'பிறை' என்றே எழுதுகிறோம். நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை பார்த்துப் பழகிய நமக்கு மறக்க முடியாத பெயர் அது.

ஆனால் வாசல் பிறையில் இருந்ததே தவிர, வியாபாரம் முழுவதும் தீவில் இருந்தது. கப்பல்கள் நங்கூரமிட்டது ஜார்ஜ் டவுனில். 1904 முதல் சுவெட்டன்ஹாம் துறைமேடை பெரிய கப்பல்களுக்குத் தயாராக நின்றது. வங்கிகளும் கிடங்குகளும் மொத்த வியாபாரக் கடைகளும் வெல்ட் கீயையும் பீச் ஸ்திரீட்டையும் ஒட்டியே இருந்தன. நடுவில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் கடல். பாலம் போட அந்தக் காலத்தில் வழியில்லை. ஆகவே ரயில்வேகாரர்கள் எளிய தீர்வு ஒன்றைக் கண்டார்கள். ரயிலைத் தீவுக்குக் கொண்டுவர முடியாவிட்டால் நிலையத்தைத் தீவுக்குக் கொண்டுவந்துவிடலாம்! 1907 என்ற ஆண்டோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்தக் கட்டடம் இப்படித்தான் எழுந்தது.

பயணி இங்கே டிக்கெட் எடுப்பார். பக்கத்திலிருந்த ரயில்வே துறையில் படகு ஏறுவார். அக்கரையில் பிறையில் இறங்கி ரயிலில் உட்காருவார். கணக்குப்படி அவருடைய ரயில் பயணம் வெல்ட் கீயிலேயே தொடங்கிவிடும்; முதல் மூன்று கிலோமீட்டருக்கு மட்டும் சக்கரத்துக்குப் பதில் தண்ணீர்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஜார்ஜ் டவுன் தண்டவாளமே பார்க்காத ஊர் அல்ல. 1880-களில் நீராவி டிராம் ஓடியது. 1906 முதல் 1936 வரை மின்சார டிராம் ஓடியது. 2004-இல் சூலியா ஸ்திரீட்டும் பினாங்கு ரோடும் சந்திக்கும் இடத்தில் சாலையைத் தோண்டியபோது, தாருக்கு அடியிலிருந்து டிராம் தண்டவாளம் வெளியே வந்தது. பினாங்கு மலைக்கு 1923-இல் கேபிள் ரயில் ஓடத் தொடங்கி, 1924 புத்தாண்டு நாளில் முறைப்படி திறக்கப்பட்டது. ஆக, ஊருக்குள் தண்டவாளம் இருந்தது, மலை மேலும் இருந்தது. ரயில் நிலையம் என்று பெயர் பெற்ற இடத்தில் மட்டும்தான் இல்லை.

நம் பெரியவர்கள் வந்த வழி

பினாங்கில் நம் வரலாறு ரயிலைவிட நூறு ஆண்டு மூத்தது. 1786-இல் ஃபிரான்சிஸ் லைட் இங்கே கொடியேற்றிய காலத்திலேயே சூலியா வணிகர்கள் வந்துவிட்டார்கள். கபித்தான் கிளிங் பள்ளிவாசலின் தொடக்கம் 1801. அதே காலத்தை ஒட்டிச் சூலியா ஸ்திரீட்டில் நாகூர் தர்கா எழுந்தது. அந்தத் தலைமுறை பாய்மரக் கப்பலில் காற்றைப் பார்த்து வந்தது.

ஆனால் இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை ரயிலும் நீராவிக் கப்பலும் வந்த பிறகு இங்கே வேர் விட்டவை. அந்தப் பயணத்தை ஊர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால், அதன் முதல் படியும் ஒரு சின்ன ரயில் நிலையமாகவே இருக்கும்.

நாகப்பட்டினத்துக்கும் திருச்சிக்கும் இடையே 1861, 1862-ஆம் ஆண்டுகளிலேயே ரயில் பாதை திறக்கப்பட்டுவிட்டது. தென்னிந்தியாவின் பழைய பாதைகளில் அது ஒன்று. இராமநாதபுரம் பக்கத்துக்கு, மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902-இல் பாதை வந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர்களுக்குத் திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குப் போகும் பாதை 1900-களின் தொடக்கத்திலேயே கிடைத்தது. விருதுநகர்–தென்காசிப் பாதை 1927-இல் கூடியது. இந்தப் பாதைகள் போட்ட பிறகு, கிராமத்திலிருந்து மாட்டுவண்டியில் பக்கத்து நிலையம் வரை வந்தால் போதும். துறைமுகம் வரைக்கும் ரயில் கொண்டுவந்து விட்டுவிடும். ஊரே வந்து வழியனுப்பிய இடம் பெரும்பாலும் அந்தச் சின்ன நிலையத்தின் நடைமேடைதான். கப்பலடிக்கு எல்லாராலும் போக முடியாது அல்லவா?

நாகப்பட்டினத்தில் கப்பல். பெரியவர்கள் வாயில் அடிக்கடி வரும் பெயர் 'ரஜூலா'. 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை போய்வந்தது. அதற்குப் பிறகு 'சிதம்பரம்' கப்பல், 1980-களின் நடுப்பகுதி வரை. மேல்தளப் பயணிகளாகப் பாயை விரித்து, பல நாள் கடலைக் கடந்தார்கள். சில சமயம் புலாவ் ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் வைக்கப்பட்ட பிறகே பினாங்கு மண்ணில் கால் வைக்க முடிந்தது.

இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் தீவிலேயே தங்கினார்கள். துறைமுக வேலை, மளிகை, நாணய மாற்று, துணிக்கடை, புத்தகக்கடை, நகைக்கடை, நாசி கண்டார் என்று தொழில்கள் பிரிந்தன. தோளில் காவடிபோல் கம்பைச் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்குச் சோறு விற்றதிலிருந்துதான் அந்தச் சாப்பாட்டுக்கே பெயர் வந்தது. 'கண்டார்' என்றால் மலாய் மொழியில் அந்தச் சுமைக்கம்பு. இன்னொரு பகுதியினர் தீவில் நிற்கவில்லை. தைப்பிங், ஈப்போ, சுங்கைப்பட்டாணி, அலோர் ஸ்டார் என்று உறவினர் கடை எங்கே இருந்ததோ அங்கே போக வேண்டும். அவர்கள் கண்ட முதல் மலாயா ரயில் நிலையம், தண்டவாளம் இல்லாத இந்த வெல்ட் கீ நிலையமே.

ஊரில் ரயில், நடுவில் கடல், இங்கே மறுபடி ரயில். இந்த மூன்றும் சேரும் மூட்டு அந்த மணிக்கூண்டின் அடியில் இருந்தது. மொழி தெரியாத பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தகரப் பெட்டியோடு அங்கே நின்றிருந்தால், அவனுக்கு வேண்டியது தண்டவாளம் அல்ல. எந்தக் கவுண்டர், எந்தப் படகு, எங்கே இறங்க வேண்டும் என்று அவன் மொழியில் சொல்ல ஓர் ஆள். அப்படிச் சொல்ல ஆள் இருந்ததால்தான் நம்மில் பலருடைய குடும்பங்கள் இன்று இந்த நாட்டில் இருக்கின்றன.

நிலையத்துக்கு ஏன் ஆள் தேவைப்பட்டார்?

இப்போது அக்கரைக்குப் போவோம். பழைய நாளில் எவ்வளவு சின்ன நிலையமானாலும் ஒரு நிலைய மாஸ்டர் இருப்பார், கைகாட்டி இழுக்க ஆள் இருப்பார், டிக்கெட் கொடுக்க ஆள் இருப்பார். மலாயா ரயில்வேயில் நிலைய மாஸ்டர்களாகவும் எழுத்தர்களாகவும் இலங்கைத் தமிழர்கள் பலர் இருந்தார்கள். பாதை போட்டவர்களிலும் பராமரித்தவர்களிலும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நிறையப் பேர். நாளைக்குச் சில ரயில்கள் மட்டுமே நிற்கும் இடத்துக்கு இத்தனை ஆட்கள் எதற்கு என்று இன்று தோன்றலாம். மரியாதைக்காக வைத்தவர்கள் அல்லர். அவர்கள் இல்லாவிட்டால் ரயில் ஓடாது.

அப்போது பெரும்பகுதி ஒற்றைப் பாதை. ஒரே தண்டவாளத்தில் வடக்கே போகிற ரயிலும் தெற்கே வருகிற ரயிலும் ஓட வேண்டும். இரண்டும் நேருக்கு நேர் மோதாமல் காப்பது எப்படி? அதற்குத்தான் டோக்கன் முறை. இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைக்கு ஒரு டோக்கன் உண்டு. உலோகத்தால் ஆன சாவி போன்ற பொருள். இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு டோக்கன் பெட்டி. இரண்டு பெட்டிகளும் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு பக்கத்திலிருந்து ஒரு டோக்கனை எடுத்துவிட்டால், அது மறுபடி ஏதாவதொரு பெட்டிக்குள் போய்ச் சேரும் வரை இரண்டு பெட்டியிலும் இன்னொன்றை எடுக்க முடியாது. டோக்கன் கையில் இல்லாத ஓட்டுநர் அந்தப் பாதையில் நுழையக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

இந்த முறை வேலை செய்ய, இரண்டு முனையிலும் நம்பிக்கையான மனிதர் இருக்க வேண்டும். மணி அடித்துக் கேட்பார். அந்தப் பக்கத்து மாஸ்டர் மணி அடித்துச் சம்மதிப்பார். டோக்கன் வெளியே வரும். அதைப் பெரிய வளையத்தில் மாட்டி, நிற்காமல் போகிற ரயிலின் ஓட்டுநர் கையை நீட்டி வாங்கும்படி நடைமேடையில் உயர்த்திப் பிடிப்பார்கள். பழைய டோக்கனை ஓட்டுநர் விட்டெறிந்துவிட்டுப் போவார். இராத்திரி பன்னிரண்டு மணியானாலும், மழை கொட்டினாலும், அந்த வளையத்தைப் பிடிக்க ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும்.

விழித்திருக்கும் ஆளைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் வந்தது. மாஸ்டர் இருக்கிறார் என்றால் தந்தி கொடுக்கலாம், பார்சல் பதியலாம். பார்சல் இருக்கிறது என்றால் வியாபாரி வருவான். வியாபாரி வந்தால் தேநீர்க்கடை வரும், பத்திரிகை விற்பவர் வருவார். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்தில், மலாயா ரயிலின் கடைசி வண்டி 2011 ஜூன் 30 அன்று புறப்படுவதற்கு முன், இந்திய முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறையாகச் சாப்பாட்டுக் கடையும் புத்தகக் கடையும் நாணய மாற்றும் நடத்திவந்தன. நிலையம் மூடியபோது அந்தக் கடைகளும் காலி செய்தன. அதைப் பற்றிப் பத்திரிகையில் படித்தபோது, சொந்தத்தில் ஒரு வீட்டை விற்றதுபோல் நம் ஊரில் பலர் பேசிக்கொண்டார்கள்.

ஆள் எப்போது போனார்?

ஒரே நாளில் போகவில்லை. 1967-இல் பிறை ஆற்றின் மேல் ரயில் பாலம் போட்டு, பட்டர்வொர்த்தில் ஃபெரித் துறைக்குப் பக்கத்திலேயே புதிய நிலையம் திறந்தார்கள். தீவிலிருந்து வருகிறவர் ஃபெரியில் இறங்கி நடந்தே ரயிலுக்குப் போகலாம் என்றானது. பிறைக்கென்று தனிப் படகு வேண்டியதில்லை. தண்டவாளம் இல்லாத நிலையத்தின் வேலையில் பாதி அன்றே போய்விட்டது. 1969-இல் பினாங்கின் தீர்வையற்ற துறைமுகச் சலுகை நீக்கப்பட்டது. வெல்ட் கீயின் பழைய சுறுசுறுப்பு மங்கியது. 1985-இல் 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலம் திறந்தது. காரும் பஸ்ஸும் லாரியும் நேரே தீவுக்குள் வந்தன. ரயில் நிலையமாக இருந்த கட்டடம் சுங்கத்துறையின் விஸ்மா கஸ்தாம் ஆயிற்று.

அக்கரையில் மாற்றம் இன்னும் பெரிது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டருக்கு இரட்டைப் பாதை போட்டு, மின்மயமாக்கி, 2014-இல் முடித்தார்கள். 2015 செப்டம்பரில் பட்டர்வொர்த்துக்கும் பாடாங் பெசாருக்கும் இடையே வடக்குக் கம்யூட்டர் ரயில் ஓடத் தொடங்கியது. 2016 தொடக்கத்தில் தெற்கே கமுண்டிங் பக்கமும் போனது. புக்கிட் தெங்கா, புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட், நிபோங் திபால், தாசேக் குளுகோர் என்று செபராங் பிறை முழுவதும் நிலையங்கள். பட்டர்வொர்த்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கும், மாமனார் வீட்டுக்குப் போகிற நம் குடும்பங்களுக்கும் இது பெரிய வசதி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இந்தப் பாதையிலுள்ள சின்ன நிலையம் ஒன்றில், உச்சி வெயில் நேரத்தில் இறங்கிப் பாருங்கள். நீளமான நடைமேடை, மேலே கூரை, பாதையைக் கடக்க மேம்பாலம், தலைக்கு மேல் மின்கம்பி. ஒலிபெருக்கி பதிவு செய்த குரலில் பேசும். பல நேரங்களில் ஒரு பணியாளரைக்கூடப் பார்க்க முடியாது. கதவு திறக்கும், இரண்டு பேர் இறங்குவார்கள், மூன்று பேர் ஏறுவார்கள், கதவு மூடும். அதற்குப் பிறகு நடைமேடை வெறிச்சென்று கிடக்கும்.

காரணத்தை மேலே சொன்ன டோக்கனிலேயே பார்க்கலாம். இரட்டைப் பாதையில் போகிறது ஒரு பாதை, வருகிறது ஒரு பாதை. எதிரே வரும் ரயிலைப் பற்றிக் கேட்டு மணி அடிக்க வேண்டியதில்லை. ரயில் எங்கே நிற்கிறது என்று தண்டவாளத்தோடு இணைந்த கருவிகள் தாமே கண்டுபிடித்து, தூரத்திலுள்ள கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிடுகின்றன. சிக்னலை அங்கிருந்தே மாற்றலாம். வளையத்தைப் பிடிக்க ஆள் வேண்டாம் என்றானதும், அந்த ஆளைச் சுற்றியிருந்த தந்தியும் பார்சலும் தேநீர்க்கடையும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. யாரும் வேண்டுமென்று விரட்டவில்லை. அவர் செய்த வேலை வேறு வழியில் நடக்கத் தொடங்கிவிட்டது.

ஒரு பெயர்ப் பலகை

கதை தொடங்கிய போர்ட் வெல்டு இன்று கோலா செப்பெத்தாங். ரயில் பாதையை எடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. தண்டவாளம் இல்லை, வண்டி இல்லை, மாஸ்டர் இல்லை. மிஞ்சியிருப்பது பழைய நிலையத்தின் பெயர்ப் பலகை. அதில் ஊரின் பெயர் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என்று நான்கு எழுத்திலும் இருக்கிறது. குடும்பத்தோடு தைப்பிங் பக்கம் போகிறவர்கள் இருபது நிமிடம் ஒதுக்கிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய பலகை அது.

யாரோ பயணிகள் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் என்று எண்ணி, அவர்கள் இறங்க வேண்டிய இடம் தெரிய வேண்டும் என்று எண்ணி, ஓர் அதிகாரி அந்த எழுத்தைப் போட உத்தரவிட்டிருக்கிறார். ஜாவி படிக்கத் தெரிந்து தமிழும் பேசிய நம் பெரியவர்களுக்கு அந்தப் பலகையில் இரண்டு வாசல் இருந்தது. பலகை இன்றும் நிற்கிறது. அதைப் படித்து இறங்கியவர்கள் யார் என்று சொல்ல, அவர்களுடைய குடும்பத்தைத் தவிர வேறு யாருமில்லை.

நம் சங்கம் எந்த நிலையம்?

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் இதுதான். வெல்ட் கீயில் தண்டவாளம் இல்லை, ஆனால் ஆள் இருந்தார்கள். அது நிலையமாக நடந்தது. புதிய கம்யூட்டர் நிலையத்தில் ஆள் இல்லை, ஆனால் தண்டவாளமும் கருவியும் இருக்கின்றன. அதுவும் நிலையமாக நடக்கிறது. இரண்டும் இல்லாமற்போன இடத்தில் மிஞ்சுவது பெயர்ப் பலகை ஒன்றே.

நம்முடையதைப் போன்ற சங்கங்கள் எதற்காகத் தொடங்கின? புதிதாக வந்தவருக்குத் தங்க இடம் பார்க்க, வேலை சொல்ல, ஊருக்குக் கடிதம் எழுத, நோயில் கவனிக்க, உற்றார் இல்லாமல் மௌத்தானவரை முறையாக அடக்கம் செய்ய. சுருங்கச் சொன்னால், தகரப் பெட்டியோடு நின்ற அந்தப் பையனுக்கு வழி சொல்ல. அதாவது நிலையத்தில் நின்ற ஆளின் வேலை. நமக்குத் தண்டவாளம் எப்போதுமே கிடையாது. சங்கத்தை ஓட்ட எந்தக் கட்டுப்பாட்டு அறையும் கிடையாது. ஆள் இருக்கும் வரைதான் சங்கம்.

இன்று கப்பல் வருவதில்லை. 1950-களில் குடியேற்றச் சட்டம் இறுகிய பிறகு ஊரிலிருந்து புதிதாக வந்து குடியேறுவோர் குறைந்தே போனார்கள். இங்கே பிறந்த மூன்றாம், நான்காம் தலைமுறை நாம். வேலைக்காகக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிற நம் பிள்ளைகள் கைப்பேசியிலேயே டிக்கெட் எடுக்கிறார்கள். வழி கேட்க யாரையும் தேட வேண்டியதில்லை. அப்படியானால் சங்கத்தில் ஆள் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அவர்களுடைய கேள்வி நியாயமானது. ஆண்டுக் கூட்டத்துக்கும் நோன்பு திறப்பு விருந்துக்கும் மட்டும் விளக்கு எரிகிற கட்டடமாக நம் இடம் ஆகிவிட்டால், பதில் சொல்ல நம்மிடம் எதுவும் இருக்காது.

எங்கள் பதில் இது. புதிதாக வருகிறவர் இல்லாவிட்டாலும் வழி தெரியாதவர் இருக்கிறார். தனியாக வசிக்கிற முதியவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். கல்விக் கடன் படிவத்தை எப்படி நிரப்புவது என்று தெரியாத மாணவர்கள் இருக்கிறார்கள். வாடகை ஏறிச் சூலியா ஸ்திரீட்டை விட்டு வெளியேறிய கடைக்காரர்கள் இருக்கிறார்கள். ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகு கட்டடங்கள் பிழைத்தன. அவற்றில் இருந்த பழைய வியாபாரிகள் எல்லாரும் பிழைக்கவில்லை. வாரத்தில் ஒரு மாலையாவது, சொன்ன நேரத்துக்குச் சங்கத்தில் விளக்குப் போட்டு ஓர் இளைஞரும் ஒரு பெரியவரும் உட்கார்ந்திருந்தால், கேட்க வருகிறவர் வருவார்.

இரண்டாவது வேலை, வரலாற்றைச் சேர்ப்பது. கட்டடங்களின் வரலாற்றை அரசாங்கக் கோப்புகள் காப்பாற்றும். பயணிகளின் வரலாறு நம் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. பழைய பாஸ்போர்ட், கப்பல் சீட்டு, ரயில் டிக்கெட், ஊரிலிருந்து வந்த கடிதம், கடைப் பற்று வரவுப் பேரேடு, பெட்டியின் மேல் பெயர் எழுதிய தகரத் துண்டு. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போகிறவை இவை. தயவு செய்து எறியாதீர்கள். சங்கத்துக்குக் கொடுக்க மனமில்லாவிட்டால், கைப்பேசியில் படம் எடுத்தாவது அனுப்புங்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய நன்னாவோ, நன்னிமாவோ இருந்தால், எந்த ஊர் நிலையத்தில் ரயில் ஏறினீர்கள், யார் வழியனுப்ப வந்தார்கள், வெல்ட் கீயில் இறங்கியதும் யார் கூட்டிப்போனார்கள் என்று கேட்டு, அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். இந்த மூன்று கேள்வி போதும். மற்றதை அவர்களே சொல்வார்கள்.

கடைசியாக ஒரு செய்தி. 2025 ஜனவரியில் பினாங்கின் எல்ஆர்டி முத்தியாரா பாதைக்கு வேலை தொடங்கியிருக்கிறது. தீவின் தெற்கிலிருந்து கொம்தார் வரை வந்து, பிறகு கடலைக் கடந்து பட்டர்வொர்த்தின் பினாங்கு சென்ட்ரலுக்குப் போகும் என்பது திட்டம். 2031-இல் முடிக்க எண்ணியிருக்கிறார்கள். ஜார்ஜ் டவுனையும் பெருநிலத்தையும் ரயில் பாதை இணைப்பது அதுவே முதல் முறை. தண்டவாளம் இல்லாத நிலையத்தைக் கட்டி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, தண்டவாளம் வந்து சேரப்போகிறது. கோலாலம்பூரில் 1998 முதலே ஓட்டுநர் இல்லாத ரயில் ஓடுகிறது. நம் ஊரிலும் நிலையத்தில் மட்டுமல்ல, வண்டியிலும் ஆள் இல்லாத நாள் தூரத்தில் இல்லை.

அந்த முதல் ரயிலில் நம் பேரப்பிள்ளைகள் ஏறுவார்கள், இன்ஷா அல்லாஹ். வண்டி கடலைக் கடக்கும்போது, கீழே இந்தத் தண்ணீரைப் படகில் கடந்து ரயில் ஏறிய நம் பெரியவர்களின் பெயர்களை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். சங்கத்தின் அறுபதாம் ஆண்டு மலரில் அந்தப் பெயர்களை அச்சிட விரும்புகிறோம். அனுப்பி வையுங்கள்.